அம்மாவைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்களா?

கேள்வி: நாங்கள் மேல்விஷாரம். அம்மாவுக்கு 52 வயது. மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து கீமோ தொடங்க வேண்டும். வேலூரில் பார்க்கும் மருத்துவமனையில், புதிய மருந்து ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்கிறார்கள். அம்மாவுக்கு உருது மட்டும்தான் படிக்க வரும். "நம்மைப் போன்றவர்களைத்தான் சோதனைக்குப் பிடிப்பார்கள்" என்கிறார் மாமா. வாட்ஸ்அப் வீடியோவும் அதையே சொல்கிறது. பயாப்ஸியால் நோய் பரவியிருக்குமா? கருஞ்சீரக எண்ணெய் கொடுக்கலாமா? காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் வாங்கி வைத்திருக்கிறோம்.

பதில்: பயாப்ஸியால், அதாவது கட்டியிலிருந்து சிறு துண்டெடுத்துச் சோதிப்பதால், நோய் பரவாது. கருஞ்சீரகம் சமையலோடு நிற்கட்டும். வீடியோவை அழித்துவிடுங்கள்.

மாமாவின் சந்தேகம் காரணமில்லாதது அல்ல. ஏழைகளிடம் சொல்லாமலே மருந்தைச் சோதித்த கதைகள் உலகெங்கும் உண்டு. ஆனால் புற்றுநோய் ஆய்வுகளில் இன்று பெரிய குறை வேறு: உங்களைப் போன்றவர்களை யாரும் கேட்பதே இல்லை. அமெரிக்காவில் கருப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவாகவே வருகிறது, இறப்பு விகிதமோ சுமார் 40 சதவீதம் அதிகம். காரணங்கள் பல. ஆனாலும் மருந்துகளைப் பெரும்பாலும் வெள்ளையினப் பெண்களிடமே சோதித்துவிட்டு எல்லோருக்கும் எழுதிக்கொடுக்கிறோம். அரசுப் பணத்தில் நடக்கும் ஆய்வுகளில் சிறுபான்மை இனத்தவரையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே 1993-லேயே சட்டம் வந்தும் குறை தீரவில்லை. இங்கும் படிவம் புரியாதவர், பஸ் செலவுக்கு யோசிப்பவர், ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வருபவர் என்றால் பல டாக்டர்கள் கேட்காமலே விட்டுவிடுகிறோம். உங்கள் டாக்டர் கேட்டிருக்கிறார். நல்லதுதான்.

சேர்ந்தால் பலன் உறுதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பலன் தெரிந்திருந்தால் ஆய்வு எதற்கு? பொதுவாக இத்தகைய ஆய்வுகளில் வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. புதிய மருந்து ஒரு பிரிவினருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். அம்மாவின் ஆய்வும் அப்படித்தானா என்று கேளுங்கள். ஒப்புதல் படிவத்தை உருதுவில் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மாமாவையும் உட்காரவைத்துப் படியுங்கள். இந்தியாவில் மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகளின்படி எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆய்வால் பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம், இழப்பீடும் உண்டு. மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. முடிவு அம்மாவுடையது, மாமாவுடையது அல்ல.

அப்புறம், நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் அந்தப் பாரசிட்டமால். ஆய்வைவிட எனக்குப் பயம் தருவது அதுதான். கீமோ போட்டு ஒன்றிரண்டு வாரங்களில், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் நன்றாகக் குறையும். அப்போது வரும் காய்ச்சல் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். மாத்திரை கொடுத்தால் சூடு தணியும், கிருமி உள்ளே வேலையைத் தொடரும். வீட்டில் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ மாத்திரை கொடுக்காமல் உடனே கிளம்புங்கள். இரவு 2 மணியானாலும் சரி, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வண்டி கிடைக்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். அவசரப் பிரிவில் வரிசையில் நிற்காமல், "கீமோ நடக்கிறது, காய்ச்சல்" என்று முதலில் சொல்லுங்கள். ஆய்வில் சேர்ந்திருந்தால் அந்தத் தாள்களையும் காட்டுங்கள்.