டர்பனிலிருந்து கேப் டவுன் விடுதிக்கு மகளின் சாமான்களை எப்படிக் கொண்டு போவது?

நீங்கள் கேட்டிருப்பது: மகளுக்குக் கேப் டவுனில் முதலாண்டு இடம் கிடைத்துவிட்டது, பிப்ரவரியில் விடுதியில் சேர வேண்டும், எதைக் கட்டுவது, எப்படிக் கொண்டு போவது.

இதே வேலையை நாங்கள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் செய்தோம். பாதியைத் தப்பாகச் செய்தோம்.

பை கட்டி முடித்ததும் நீங்களோ உங்கள் வீட்டுக்காரரோ தூக்கிப் பார்க்காதீர்கள். மகளைத் தூக்கச் சொல்லுங்கள். சேர்க்கும் நாளில் ஆள் உதவி இருக்கும். நவம்பரில் பரீட்சை முடிந்ததும் பெரும்பாலான விடுதிகளில் அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும். அன்றைக்கு நீங்கள் 1,600 கிலோமீட்டர் தள்ளி டர்பனில் உட்கார்ந்திருப்பீர்கள்.

எங்கள் வீட்டுக்காரர் சக்கரம் வைத்த பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி வந்து, எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கினார். புத்தகம், பாத்திரம், இஸ்திரிப் பெட்டி, ஒரு சுத்தியல்கூட. (சுத்தியல் எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) விடுதியில் லிஃப்ட் முன்னால் நீண்ட வரிசை. படியில் சக்கரம் எதற்கு ஆகும்? அவரும் நானும் யாரோ ஒரு பையனுமாக மூன்றாவது மாடிக்குச் சுமந்தோம். நவம்பரில் மகள் போன் செய்தாள்: "அம்மா, இதை ஒருத்தியா எப்படிக் கீழே இறக்குவேன்?" கடைசியில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, குப்பைப் பைகளில் கட்டி, பதினோரு நடை நடந்திருக்கிறாள். துப்புரவு செய்யும் அம்மாவுக்குப் பெட்டியைக் கொடுத்துவிட்டாள். இப்போது அவளிடம் இருப்பவை நான்கு கட்டம் போட்ட சைனா பைகள், டாக்சி ஸ்டாண்டில் எல்லோரும் தோளில் போட்டுப் போவார்களே, அவைதான். காலியானதும் மடித்துக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிடலாம். புத்தகத்தை மட்டும் சின்னப் பையில் கட்டுங்கள், துணியைப் பெரியதில்.

அடுத்து, விடுதி அனுப்பும் பட்டியலைக் கட்டும் முன்னே படியுங்கள். நான் பிறகு படித்தேன். அறையில் சமையல் சாதனம் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருந்தது. எங்கள் ரைஸ் குக்கர் கேப் டவுன் வரை போய், திரும்பியும் வந்தது. ஹீட்டருக்கும் பல இடங்களில் தடை உண்டு. கட்டில், மெத்தை, மேசை, அலமாரி பெரும்பாலும் அங்கேயே இருக்கும். விரிப்பும் தலையணையும் நம்முடையவை. பக்கெட், ஹேங்கர், துணி உலர்த்தும் ஸ்டாண்டு இதையெல்லாம் ஏற்றாதீர்கள். இங்கே இருக்கும் அதே கடைகள் அங்கேயும் இருக்கின்றன.

குட்டி ஃபிரிட்ஜ் கொண்டு போனால் நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடும். வேறு வழியில்லாமல் படுக்க வைத்திருந்தால், அறைக்குப் போனதும் நிமிர்த்தி, ஒரு நாள் கழித்து ஸ்விட்ச் போடுங்கள்.

மசாலா கட்டாயம் போகும், தெரியும். எங்கள் பக்கத்து வீட்டு ஆயா தானே அரைத்த பொடியை இரண்டு கிலோ கொடுத்தார். பாட்டில் வாயில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து மூடியைத் திருகி, ஜிப் பையில் போட்டு, அதை இன்னொரு ஜிப் பையில் போட்டேன். அப்படியும் அந்தப் பையில் இருந்த துண்டுகள் மார்ச் வரை குழம்பு வாசம் அடித்தன. துணியோடு சேர்க்காதீர்கள்.

குளிருக்கு என்ன கட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். பிப்ரவரியில் அங்கே வெயில் கொளுத்தும், தென்கிழக்குக் காற்று ஆளையே தள்ளும். டர்பனில் கோடையில் மழை, அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை, கூடவே குளிர். ஒரு கனமான போர்வை இப்போதே போகட்டும், மீதியை ஏப்ரலில் அவளே வாங்கிக்கொள்வாள். குடை வேண்டாம், அந்த மழைக்காற்றில் மடங்கிப் போகும். தலைமூடி வைத்த மழைக்கோட்டு வாங்குங்கள்.

இருவருக்கு மேல் போகவில்லை என்றால் கார்தான் நல்லது. மலிவு விமான டிக்கெட்டில் பெட்டிக்குத் தனிக்காசு. N3 நெடுஞ்சாலையில் ஹாரிஸ்மித் வரை, N5-இல் வின்பர்க், அப்புறம் நேரே N1. ஒரே நாளில் ஓட்ட நினைக்காதீர்கள். நாங்கள் கோல்ஸ்பர்க்கில் தங்கினோம். கேட் பூட்டும் இடமாகப் பார்த்துத் தங்குங்கள், லேப்டாப்பும் சான்றிதழ் ஃபைலும் இரவில் அறைக்குள் வரட்டும். அடையாள அட்டை, மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) முடிவு நகல்களுக்கு உங்கள் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனிலேயே முத்திரை வாங்கிவிடலாம், காசு கிடையாது. பக்கியில் (பின்னால் திறந்த சின்ன வண்டி) போனால் தார்ப்பாயை நன்றாக இறுக்கிக் கட்டுங்கள், வழியில் வரும் காரூ வறண்ட வெளி முழுக்கப் புழுதி.

விட்டுவிட்டுக் கிளம்பும்போது பின்சீட்டை ஒரு தடவை பாருங்கள். அழுத அவசரத்தில் நான் பார்க்கவில்லை. ஹியூகனாட் சுரங்கப்பாதை தாண்டி வுஸ்டரில் பெட்ரோல் போடும்போதுதான், வழியெல்லாம் அவள் தலை வைத்துத் தூங்கிய தலையணை அங்கேயே கிடந்தது தெரிந்தது. டர்பன் வந்து, பெப் கடையில் பாக்ஸி பை (அந்தக் கடை வழியாகப் பார்சல் அனுப்பும் பை) வாங்கி, முழங்காலால் அமுக்கித் திணித்து அனுப்பினேன்.