ஜெயித்தவரா, விழாதவரா?

அன்புள்ள சார்,

மோட்டோஜிபி பைக் ரேஸ் பற்றி நீங்கள் எழுதுவதைத் தவறாமல் படிப்பவன் நான். 2024 சீசன் முடிந்த நாளிலிருந்து எனக்கும் என் அறைத்தோழனுக்கும் ஓயாத வாக்குவாதம். அந்த வருடம் நடந்த 20 ஞாயிற்றுக்கிழமை ரேஸ்களில் பெக்கோ பன்யாயா 11-ஐ ஜெயித்தார். ஹோர்ஹே மார்ட்டின் ஜெயித்தது 3. பட்டம் மட்டும் மார்ட்டினுக்கு. பாதிக்கு மேல் ஜெயித்தவர் சாம்பியன் இல்லை என்றால் அப்புறம் ரேஸ் எதற்கு? இரண்டாவதும் மூன்றாவதுமாக வந்து புள்ளி சேர்ப்பது கணக்குப்பிள்ளை வேலை என்பது என் கட்சி. "ரிஸ்க் எடுக்காமல் சீராக ஓட்டுபவன்தான் சாம்பியன்" என்பது அவன் கட்சி. வெற்றிக்கு இன்னும் அதிகப் புள்ளி கொடுத்திருந்தால் இந்த அநியாயம் நடந்திருக்காது என்று நினைக்கிறேன். நீங்கள் யார் பக்கம்?

பிரபு, திருப்பூர்

*

அன்புள்ள பிரபு,

2024-இன் சாம்பியன் மார்ட்டின்தான். அதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. ஆனால் உங்கள் நண்பர் சொல்லும் காரணத்தையும் என்னால் ஏற்க முடியாது. மார்ட்டின் ரிஸ்க் எடுக்காமல் ஓட்டினார் என்பவர் அந்த வருடம் மலேசியாவில் நடந்ததை மறந்துவிட்டார். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் புள்ளிக் கணக்கு. 1993 முதல் இன்றுவரை முதல் இடத்துக்கு 25, இரண்டாம் இடத்துக்கு 20, மூன்றாம் இடத்துக்கு 16. இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு ரேஸ் ஜெயித்து ஐந்தாவதில் விழுந்தவருக்கு 100 புள்ளி. ஐந்திலும் இரண்டாவதாக வந்தவருக்கும் அதே 100. சீசன் முடிவில் புள்ளிகள் சமமானால் அதிக ரேஸ் ஜெயித்தவருக்குத்தான் பட்டம். அதாவது, மற்ற நாலையும் ஜெயித்துக் கொடுத்தால் ஐந்தில் ஒரு முறை விழுந்துகொள்ளலாம் என்று இந்த விதியே அனுமதி கொடுக்கிறது. ஜெயிப்பவரை வஞ்சிக்கிற விதி இல்லை இது.

இப்போது பன்யாயாவின் வருடத்தைப் பாருங்கள். 2023-இலிருந்து சனிக்கிழமை ஸ்பிரிண்ட் ரேஸும் (பாதித் தூரம், ஏறக்குறைய பாதிப் புள்ளி) சேர்ந்துகொண்டதால் 2024-இல் மொத்தம் 40 ரேஸ். ஸ்பிரிண்ட்டில் இருவரும் ஆளுக்கு 7 ஜெயித்தார்கள். பன்யாயா அந்த 40-இல் 8 முறை ரேஸை முடிக்கவே இல்லை. சரியாக ஐந்தில் ஒன்று. மீதி 32-ஐயும் அவர் ஜெயித்திருந்தால் பேச்சே இல்லை. ஜெயித்தது 18. கடைசியில் மார்ட்டின் 508, பன்யாயா 498.

அந்த எட்டும் பன்யாயாவின் தப்பு என்று சொல்ல மாட்டேன். லே மான் ஸ்பிரிண்ட்டில் பைக் கோளாறு. போர்ட்டிமாவோவில் மார்க் மார்க்கேஸோடும், அரகோனில் அலெக்ஸ் மார்க்கேஸோடும் மோதல். ஆனால் மே மாதம் பார்சிலோனா ஸ்பிரிண்ட்டில் கடைசிச் சுற்றில் முதலிடத்தில் இருந்துகொண்டு தானாக விழுந்தார். சில்வர்ஸ்டோனில் விழுந்தார். மிசானோவில் நடந்த இரண்டாவது ரேஸில் விழுந்தார். மலேசியாவின் செபாங் ஸ்பிரிண்ட்டிலும் விழுந்தார்.

நம் பேச்சின் மையமே இந்த விழுவதுதான். கார் ரேஸில் ஓட்டுபவர் பிரேக்கைக் கொஞ்சம் தாமதமாகப் பிடித்தால் வளைவில் அகலமாகப் போவார், இரண்டு விநாடி இழப்பார், திரும்பி வந்துவிடுவார். பைக்கில் அந்தச் சலுகை கிடையாது. 60 பாகைக்கும் மேல் சாய்ந்து, முழங்கை தரையை உரச வளைவுக்குள் நுழையும்போது முன் டயரில் தரையைத் தொடுவது உள்ளங்கையைவிடச் சின்ன இடம். பிரேக்கின் பளுவையும் திருப்பத்தின் பளுவையும் அந்த இடமே சுமக்க வேண்டும். பின் டயர் வழுக்கினால் த்ராட்டிலைக் கொஞ்சம் குறைத்துச் சமாளிக்கலாம். முன் டயர் விட்டுவிட்டால் அநேகமாக முடிந்தது கதை. பூஜ்யம் புள்ளி, அதிர்ஷ்டம் இல்லையென்றால் எலும்பு முறிவும்.

இன்னொன்றும் உண்டு. முன்னால் ஒரு பைக் போகும்போது அதன் பின்னாலேயே ஒட்டி ஓட்டினால் அதன் சூடான காற்று நம் முன் டயரில் அடிக்கும். டயர் சூடேறும், உள்ளே அழுத்தம் கூடும், பிடி குறையும். முதலில் போகிறவருக்குச் சுத்தமான காற்று. இரண்டாவதாகத் துரத்துபவருக்குத்தான் விழும் ஆபத்து பல நேரம் அதிகம். இப்படி விழாமல் இரண்டாவதாக முடிப்பதைக் கணக்குப்பிள்ளை வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லை எங்கே இருக்கிறது என்று உடம்பால் அறிந்து, அதற்கு ஒரு நூல் இந்தப் பக்கம் 20, 25 சுற்று ஓட்டுவதற்குப் பெயர்தான் பைக் ஓட்டுவது. வேகத்தில் இருந்து அதைத் தனியாகப் பிரிக்கவே முடியாது.

மார்ட்டினுக்கு இது பிறவியிலேயே வந்துவிடவில்லை. 2023-இல் அவர் 9 ஸ்பிரிண்ட் ஜெயித்தார், யாரும் அவர் வேகத்துக்குப் பக்கத்தில் வர முடியாத நாட்கள் இருந்தன. இந்தோனேசியாவில் தெளிவான முன்னிலையில் போய்க்கொண்டிருந்தபோது விழுந்தார். அந்த வருடப் பட்டம் பன்யாயாவுக்குப் போனது. 2024-இலும் ஹெரெஸில் முன்னிலையில் விழுந்தார், ஜெர்மனியில் முடிய இரண்டே சுற்று இருக்கையில் முன்னிலையில் விழுந்தார். மிசானோவில் நாலு துளி மழைக்குப் பயந்து மழை டயர் போட்ட பைக்குக்கு மாறப் போய் 15-ஆவதாக முடித்தார். ஆனால் அந்த வருடம் 16 ஞாயிறுகளில் முதல் மூன்று இடத்துக்குள் வந்து மேடையேறினார்.

இனி செபாங். ஞாயிறு காலை மார்ட்டின் 29 புள்ளி முன்னால். மீதி இருந்தது அந்த ரேஸும் கடைசி வாரமும்தான். பன்யாயாவின் பின்னால் பத்திரமாக ஓட்டி இரண்டாவதாக முடித்தாலே போதும், எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். விளக்கு அணைந்ததும் நடந்தது வேறு. முதல் சில சுற்றுகளில் இருவரும் மாறி மாறி முந்தினார்கள். ஒருவர் உள்ளே புகுந்தால் அடுத்த வளைவிலேயே மற்றவர் திருப்பிக் கொடுத்தார். 29 புள்ளி கையில் இருக்கும் ஒருவர் அப்படி ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை. இன்றைக்குப் பன்யாயாவைப் பிடிக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் மார்ட்டின் விட்டுக்கொடுத்து இரண்டாவதாக முடித்தார். அந்தச் சுற்றுகளை உங்கள் நண்பருக்குப் போட்டுக் காட்டுங்கள். கடைசி ஞாயிறு பார்சிலோனாவில் 9-ஆவது இடம் போதும் என்ற நிலையிலும் அவர் முடித்தது மூன்றாவதாக.

சீராக ஓட்டுவது என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது 2012-இன் ஹோர்ஹே லொரென்ஸோவை. அந்த வருடம் 18 ரேஸ். 6-இல் முதலிடம், 10-இல் இரண்டாமிடம், மீதி இரண்டில் பூஜ்யம். முடித்த எல்லா ரேஸிலும் முதல் இரண்டு இடத்துக்குள்! பூஜ்யம் இரண்டில் ஒன்று, அஸ்ஸனில் முதல் வளைவிலேயே இன்னொருவர் வந்து இடித்ததால். டானி பெட்ரோஸா அந்த வருடம் அவரைவிட ஒன்று கூடுதலாக, 7 ரேஸ் ஜெயித்தார். பிலிப் ஐலண்டில் ஜெயித்தே ஆக வேண்டும் என்று ஆரம்பத்திலேயே முன்னால் போய், இரண்டாவது சுற்றில் விழுந்தார். பட்டம் அங்கேயே முடிவானது. பெட்ரோஸா எனக்கு மிகவும் பிடித்த ஓட்டுநர். உச்ச வகுப்பில் 31 வெற்றி, ஒரு பட்டம்கூட இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கும். ஆனாலும் 2012-ஐ லொரென்ஸோவிடம் இருந்து பிடுங்கி அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வராது.

2006-ஐ நீங்கள் நிச்சயம் இழுப்பீர்கள். நிக்கி ஹேடன் 2 வெற்றி, வாலன்டினோ ரோஸி 5 வெற்றி, பட்டம் ஹேடனுக்கு, வித்தியாசம் 5 புள்ளி. கடைசிக்கு முந்திய ரேஸ் எஸ்டோரிலில். ஹேடனை அவருடைய அணித் தோழர் பெட்ரோஸாவே இடித்துத் தள்ளிவிட்டார். அதே ரேஸில் டோனி எலியாஸ் ரோஸியை 0.002 விநாடியில் தோற்கடித்தார். அந்த 0.002 விநாடி மட்டும் மாறியிருந்தால் ரோஸிக்கு இன்னும் 5 புள்ளி. கடைசி ரேஸான வலென்சியாவில் மற்றதெல்லாம் நடந்தபடியே நடந்திருந்தால் இருவரும் 252-இல் சமம், 6 வெற்றிக்கு எதிராக 2 வெற்றி, பட்டம் ரோஸிக்கு. வெற்றிக்கு எவ்வளவு மதிப்பு என்று இதைவிட எப்படிக் காட்டுவது? ஆனால் வலென்சியாவுக்கு 8 புள்ளி முன்னிலையோடு வந்தவர் ரோஸி. முதலிடத்தில் இருந்து கிளம்பி, பின்தங்கி, ஐந்தாவது சுற்றில் முன் டயர் விட்டு விழுந்தார். எழுந்து ஓட்டி 13-ஆவதாக வந்தார். ஹேடன் மூன்றாவதாக முடித்தார். ரோஸிக்கு அந்த வருடம் என்ஜின் கோளாறுகள் இருந்தன, முதல் ரேஸிலேயே எலியாஸ் வந்து இடித்தார், எல்லாம் உண்மை. அதையெல்லாம் தாண்டித்தான் கடைசி நாள் 8 புள்ளி அவர் கையில் இருந்தது.

என் வாதத்துக்கு உண்மையிலேயே இடிக்கும் உதாரணம் 1999-இன் 125 சிசி வகுப்பு. எமிலியோ அல்ஸமோரா அந்த வருடம் ஒரு ரேஸ்கூட ஜெயிக்காமல் உலக சாம்பியன் ஆனார். 5 ரேஸ் ஜெயித்த மார்கோ மெலாண்ட்ரி, கடைசியாக புவெனோஸ் ஐரிஸிலும் ஜெயித்தார். அல்ஸமோரா இரண்டாவதாக வந்தார். 227-க்கு 226. இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது எனக்கும் ஏதோ குறைவது போலத்தான் இருக்கிறது. வருடம் முழுக்க ஒரு நாளாவது எல்லாரையும் வென்று காட்ட வேண்டாமா என்ற உங்கள் கேள்விக்கு இந்த ஓர் இடத்தில் என்னிடம் நல்ல பதில் இல்லை. அல்ஸமோரா விதிப்படி, நேர்மையாக வென்றார். ஆனால் மனசில் அவரை லொரென்ஸோவோடும் மார்ட்டினோடும் ஒரே வரிசையில் என்னால் வைக்க முடியவில்லை. முன்னால் போய் ஜெயிக்கத் தெரிந்தவர், ஜெயிக்க முடியாத நாளில் எங்கே நிறுத்திக்கொள்வது என்றும் தெரிந்திருக்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

வெற்றிக்குக் கூடுதல் புள்ளி என்ற உங்கள் யோசனைக்கு வருகிறேன். வெற்றியை மட்டும் எண்ணினால் 2020-இல் என்ன நடந்திருக்கும் தெரியுமா? அந்த வருடம் ஜோன் மிர் ஒரே ஒரு வெற்றியோடு சாம்பியன். மூன்று வெற்றியோடு இருவர், ஃபிராங்கோ மோர்பிடெல்லியும் ஃபபியோ குவார்ட்டராரோவும். குவார்ட்டராரோ பட்டியலில் முடித்தது 8-ஆவதாக! மேடை ஏறியதே அந்த மூன்று முறைதான். அவர் முதலிடத்துக்குப் போட்டியாளர் என்றால் மற்ற 11 ரேஸ்களுக்கு என்ன அர்த்தம்?

அதோடு, வெற்றிக்கு இப்போதைவிடச் சற்றுக் கூடுதல் எடை கொடுத்த ஒரு வருடம் ஏற்கெனவே இருந்திருக்கிறது. 1992-இல் முதலிடத்துக்கு 20, இரண்டாமிடத்துக்கு 15. மிக் டூஹன் முதல் 7 ரேஸில் 5 வெற்றி, 2 இரண்டாமிடம். யாரும் கிட்டே நெருங்க முடியவில்லை. எட்டாவது ரேஸ் அஸ்ஸனில். அங்கே பயிற்சியில் விழுந்து வலது கால் உடைந்தது. காலையே எடுக்க வேண்டிவரும் என்ற அளவுக்குப் போய், நாலு ரேஸை இழந்து, சரியாக நடக்கக்கூட முடியாத நிலையில் பிரேசிலுக்குத் திரும்பி வந்தார். அங்கே 12-ஆவது இடம். 3 ரேஸ் ஜெயித்த வெய்ன் ரெய்னி 4 புள்ளியில் அவரை முந்தினார். வெற்றிக்கு அதிகம் கொடுத்தும் ஒரு விழுதலில் இருந்து டூஹனைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்தக் கால் பழையபடி ஆகவே இல்லை. வலது காலால் பின் பிரேக்கை மிதிக்க முடியாததால் இடது கைக் கட்டைவிரலால் பிடிக்கும்படி ஒரு பிரேக் பொருத்திக்கொண்டார். 1994 முதல் 1998 வரை ஐந்து வருடம் தொடர்ந்து சாம்பியன். 1997-இல் 15 ரேஸில் 12-ஐ ஜெயித்தார், இரண்டில் இரண்டாவதாக வந்தார், ஒரே ஒன்றில் மட்டும் விழுந்தார், அதுவும் பட்டம் கைக்கு வந்த பிறகு, சொந்த நாட்டு பிலிப் ஐலண்டில். அந்த வருடத்தின் ரேஸ்களைத் தேடி எடுத்து, நீங்களும் உங்கள் நண்பரும் சேர்ந்து பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.