சாஸ்திரிகள் வந்தது முன்னணைக்கா, வீட்டுக்கா?

கேள்வி: தாராபுரம் பக்கத்தில் ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகையில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், இயேசுவின் பிறப்பைச் சொல்லும் மத்தேயு, லூக்கா சுவிசேஷங்களை ஒப்பிட்டு, “மத்தேயுல எகிப்துக்கு ஓடிப் போறாங்க. லூக்காவுல எருசலேமுக்குப் போயிட்டு நேரா நாசரேத்துக்குப் போயிடறாங்க. எதுங்க டீச்சர் நிஜம்?” என்று கேட்டுவிட்டான். இரண்டையும் பொருத்த முடியுமா? நாடகத்தை எப்படிப் போடுவது?

பதில்: பையன் வசனத்தை ஊன்றிப் படித்திருக்கிறான், முதலில் அவனைப் பாராட்டுங்கள். பயண வரிசையைப் பொருத்திவிடலாம். குடிமதிப்பு, அதாவது லூக்கா சொல்லும் மக்கள் கணக்கெடுப்புதான் சிக்கல்.

நம் பக்கத்துக் கல்யாணத்தைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டால், மாப்பிள்ளையும் அவர் சகோதரியும் சேர்ந்து செய்யும் இணைச்சீரில் ஆரம்பிப்பார்கள். பெண் வீட்டார் அதைச் சொல்லாமலே கதையை முடித்துவிடுவார்கள். மத்தேயு யோசேப்பின் பக்கம் நின்று சொல்கிறார்: கனவு, கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் (ஞானிகள்), ஏரோது ராஜா, எகிப்து. லூக்கா மரியாளின் பக்கம்: காபிரியேல் தூதன், முன்னணை (மாட்டுத் தீவனத் தொட்டி), மேய்ப்பர்கள், தேவாலயம்.

இப்போது லூக்கா 2:24-ஐப் பாருங்கள். ஆண் பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் கழித்து ஓர் ஆட்டுக்குட்டியையும் ஒரு புறாவையும் பலியாகக் கொடுக்க வேண்டும், வசதி இல்லாவிட்டால் இரண்டு புறா போதும் என்பது லேவியராகமம் 12-ஆம் அதிகாரச் சட்டம். மரியாளும் யோசேப்பும் கொடுத்தது புறாக் காணிக்கை. சாஸ்திரிகள் கொடுத்த பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் அதற்கு முன்பே கைக்கு வந்திருந்தால் ஆட்டுக்குட்டியே வாங்கியிருப்பார்களே! அதனால் சாஸ்திரிகள் அந்த நாற்பது நாளுக்குப் பிறகு வந்தார்கள் என்று கொள்ளலாம். மத்தேயு 2:11-ம் அவர்கள் ‘வீட்டுக்குள்’ போனதாகத்தான் சொல்கிறது. ஏரோது இரண்டு வயது வரையுள்ள ஆண் பிள்ளைகளைக் கொல்லச் சொன்னதும் இதோடு ஒத்துப்போகிறது.

ஆகவே வரிசை இப்படி வரும்: பிறப்பு, மேய்ப்பர்கள், எட்டாம் நாள் விருத்தசேதனம், நாற்பதாம் நாள் எருசலேம், மறுபடி பெத்லகேம், சாஸ்திரிகள், எகிப்து, கடைசியில் நாசரேத்து. லூக்கா 2:39 நடுவில் உள்ளதைத் தாண்டிப் போகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒன்று. லூக்காவுக்கு நாசரேத்து அவர்களுடைய சொந்த ஊர். மத்தேயுவிலோ, யூதேயாவில் ஏரோதின் மகன் அர்கெலாயு ஆள்கிறான் என்று பயந்து புதிதாக ஓர் ஊருக்குக் குடிபோவது போல இருக்கிறது. இதைப் பையனிடம் மறைக்க வேண்டாம்.

குடிமதிப்புக்கு வருவோம். பிறப்பு ஏரோதின் காலத்தில் என்று இருவரும் சொல்கிறார்கள்; லூக்கா அதைச் சிரேனியு காலத்துக் குடிமதிப்போடும் சேர்க்கிறார். ஏரோது இறந்தது கி.மு. 4-இல் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கணக்கு. சிரேனியு சீரியாவுக்கு ரோம அதிபதியாக வந்து யூதேயாவில் குடிமதிப்பு எடுத்தது கி.பி. 6-இல், அர்கெலாயுவைப் பதவியிலிருந்து இறக்கிய பிறகு என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். இடையில் சுமார் பத்து வருஷம். சிரேனியு முன்பும் ஒருமுறை பதவியில் இருந்திருப்பான் என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் ஏரோதின் கடைசி வருஷங்களில் சீரியாவை ஆண்டவர்கள் சதுர்னீனுவும் வாருவும் என்று அதே யோசேபஸ் பெயரோடு சொல்கிறார். என்னைக் கேட்டால், இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை என்று பிள்ளைகளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். இயேசு பெத்லகேமில் பிறந்தார், தாய் கன்னி மரியாள், யோசேப்பு தாவீதின் வம்சம், காலம் ஏரோதின் காலம், வளர்ந்தது நாசரேத்தில்: இத்தனையையும் இருவரும் தனித்தனியாகச் சொல்கிறார்கள். என் விசுவாசம் அதன்மேல்தான் நிற்கிறது.

நாடகத்தை இரண்டு காட்சியாகப் பிரியுங்கள். முதல் காட்சியில் முன்னணையும் மேய்ப்பர்களும் போதும். அப்புறம் திரையை இழுத்துவிட்டு ஒரு வீடு, நடை பழகும் குழந்தை, சாஸ்திரிகள். மூன்று பேர்தான் என்று வேதத்தில் கிடையாது. நடிக்க ஆசைப்படும் பிள்ளைகள் அதிகம் இருந்தால் ஐந்து பேரைக்கூட நிறுத்தலாம்.

அந்தப் பையன் அடுத்து வம்ச வரலாற்றுக்குத்தான் வருவான். யோசேப்பின் தகப்பன் மத்தேயுவில் யாக்கோபு, லூக்காவில் ஏலி. பிள்ளை இல்லாமல் இறந்தவனின் மனைவியைச் சகோதரன் மணந்து வம்சம் காக்கும் யூத வழக்கத்தை வைத்து மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆப்பிரிக்கானு என்பவர் இதற்கு விளக்கம் கொடுத்தார். ஒருவர் பெற்ற தகப்பன், மற்றவர் சட்டப்படி தகப்பன் என்பது அவர் வாதம். வகுப்புக்குப் போகுமுன் உபாகமம் 25:5-6-ஐ ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளுங்கள்.