பைபாஸ் செய்த வயிற்றுக்கு வட்டிலப்பம் ஆகுமா?

கல்முனையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எடை குறைக்கக் கொழும்பில் பைபாஸ் சத்திரசிகிச்சை செய்து ஒன்றேகால் வருடம். பெருநாளைக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த வட்டிலப்பத்தில் ஒரு துண்டுதான் சாப்பிட்டேன். 20 நிமிடத்தில் நெஞ்சு படபடத்து, வியர்த்துக் கொட்டி, வயிற்றைப் புரட்டிப் படுத்துவிட்டேன். இரண்டு மணித்தியாலம் கழித்துக் கை நடுங்கியது. இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் 'ஸ்லீவ்' சத்திரசிகிச்சை செய்துகொண்ட என் மச்சாளுக்கு எதைச் சாப்பிட்டாலும் ஒன்றும் செய்வதில்லை. நான் இனி இனிப்பே தொடக்கூடாதா? தயிரும் பாணியுமாவது சாப்பிடலாமா?"

தொடலாம் சகோதரி. ஆனால் எதை, எவ்வளவு, எப்போது என்பதில் பழைய கணக்குச் செல்லாது.

குளத்து நீரை வயலுக்கு அளவாக விடும் மதகு போல, இரைப்பையின் அடியில் ஒரு வாசல் உண்டு. உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு விடுவது அதன் வேலை. பைபாஸில் இரைப்பையின் மேற்பக்கத்தில் இரண்டு மேசைக்கரண்டி கொள்ளும் அளவுக்கு ஒரு சிறு பையை மட்டும் பிரித்து, நேரே சிறுகுடலில் இணைக்கிறார்கள். உணவு அந்த வாசலைத் தாண்டுவதே இல்லை. அதனால் இனிப்பு மொத்தமாகக் குடலில் இறங்குகிறது. அதை ஐதாக்க உடம்பு இரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. படபடப்பும் வியர்வையும் வயிற்றுப் புரட்டலும் அங்கேதான் தொடங்குகின்றன. வைத்தியர்கள் இதை 'டம்பிங்' என்பார்கள். பிறகு, வேகமாக ஏறிய சீனியை இறக்க இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்கும். ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் இரத்தச் சீனி கீழே விழும். உங்கள் கை நடுக்கம் பெரும்பாலும் அதனால்தான்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால்வாசிக்கு மேல் வெட்டி எடுத்தாலும் அந்த வாசல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனால் டம்பிங் குறைவு. ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்குக் கூடுதல் கவலை உங்கள் மச்சாளைப் பற்றித்தான். உங்களை உடம்பே தடுத்துவிடுகிறது. அவருக்கு அந்தத் தடை இல்லை. சிறிய இரைப்பையில் சோறு நிறையக் கொள்ளாது, ஆனால் தேத்தண்ணியும் சோடாவும் ஐஸ்கிறீமும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். ஒரு கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து கோப்பை என்றால் 15 தேக்கரண்டி. கிட்டத்தட்ட 75 கிராம், 300 கலோரி. குறைந்த எடை திரும்பி ஏறுவது பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல்தான். எப்போதோ ஒருநாள் சாப்பிட்ட வட்டிலப்பத்தால் அல்ல.

சோடாப் போத்தலில் உள்ள நிற வட்டத்தைப் பாருங்கள். 100 மில்லிலீட்டருக்கு 2 கிராம் முதல் 11 கிராம் வரை சீனி இருந்தால் மஞ்சள். அதாவது 10 கிராம் உள்ள பானத்துக்கும் மஞ்சள்தான், 250 மில்லியில் 25 கிராம் போய்விடும். உங்கள் இருவருக்கும் மஞ்சளும் வேண்டாம்.

இனித் தயிர். எங்கள் எருமைத் தயிர் உங்களுக்கு நல்ல உணவு. புரதம் இருக்கிறது, இறுக்கமாகவும் இருக்கிறது. கொழுப்பும் கூட என்பதால் ஒரு தடவைக்கு மூன்று நான்கு மேசைக்கரண்டி போதும். சிக்கல் பாணியில். கித்துள் பாணி, பனங்கட்டி, தேன் எல்லாம் இயற்கையானவை, சீனி போல் அல்ல என்று பலர் நம்புகிறார்கள். குடலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தயிரில் இரண்டு துண்டு பப்பாசியோ மாம்பழமோ வெட்டிப் போடுங்கள். பாணிதான் வேண்டுமென்றால் கரண்டி நுனியால் கோடு போட்டதுபோல், அரைத் தேக்கரண்டிக்கு மேல் போகாமல்.

வட்டிலப்பம், தொதல், கோயில் திருவிழாக் கடைகளில் வாங்கும் கச்சான் அல்வா எல்லாவற்றுக்கும் ஒரே முறைதான். வெறும் வயிற்றில் வேண்டாம். முதலில் மீனோ முட்டையோ பருப்போ சாப்பிடுங்கள். ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது சேர வேண்டும், அந்த இடத்தை இனிப்புக்குக் கொடுக்காதீர்கள். அப்புறம் ஒரு தேக்கரண்டி மட்டும், மெதுவாக. அரை மணித்தியாலத்துக்குத் தண்ணீரோ தேத்தண்ணியோ குடிக்காதீர்கள், அது இனிப்பை இன்னும் வேகமாகத் தள்ளும். முதல் தடவை வீட்டில், ஆள் இருக்கும்போது சாப்பிட்டுப் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் புறப்படும் முன் வேண்டவே வேண்டாம். 'சீனி இல்லாத' மிட்டாய்களிலும் கவனம் தேவை. அவற்றில் சேர்க்கும் சோர்பிடோல், மால்டிடோல் போன்ற இனிப்பூட்டிகள் வயிற்றோட்டம் தரும்.

சாப்பிட்ட உடனே படபடத்தால் படுத்துக்கொள்ளுங்கள், பொதுவாக ஒரு மணித்தியாலத்தில் அடங்கும். பிந்தி வரும் நடுக்கத்துக்குக் குளுக்கோமீற்றரில் பாருங்கள். 70க்குக் (mg/dL) கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். ஏறியதும் ஒரு முட்டையோ கொஞ்சம் தயிரோ சாப்பிட்டால் மறுபடி இறங்காது. நடுக்கம் என்றதும் இனிப்பை அள்ளிச் சாப்பிட்டால் திரும்பவும் அதே சுற்றுத்தான். மயங்கி விழுந்தாலோ, பேச்சுத் தடுமாறினாலோ, வாந்தியோடு வயிற்றுவலி விடாமல் இருந்தாலோ வீட்டில் காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

சத்திரசிகிச்சைக்கு முன் உங்களுக்குச் சீனி வருத்தம் இருந்ததா என்று எழுதவில்லை. இருந்து, அந்தக் குளுசைகளையோ இன்சுலினையோ இன்னும் எடுத்துக்கொண்டிருந்தால், அடுத்த கிளினிக் திகதி வரை பொறுக்காமல் இந்தக் கிழமையே வைத்தியரைப் பாருங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, எப்போது நடுங்கியது, சீனி எவ்வளவு என்று எழுதிக்கொண்டு போங்கள். மருந்தின் அளவைக் குறைப்பதா, மருந்தையே மாற்றுவதா என்று அவர் முடிவெடுக்க அந்தக் குறிப்பு மிகவும் உதவும்.