கேள்வி-பதில்: டேப்லெட்டும் நம் வீட்டுப் பாலர்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதியில் பிள்ளையின் வயதே இல்லை. ஒன்றரை வயதுக்கும் ஐந்து வயதுக்கும் ஒரே பதிலா சொல்ல முடியும்? அடுத்த தடவை வயதை எழுதுங்கள், புண்ணியமாகப் போகும்.

கேள்வி: பிள்ளைக்கு எந்த டேப்லெட் வாங்கலாம்? (ஜூரோங்)

வயது இல்லை, எதற்கு என்றும் இல்லை. கடைக்காரரைக் கேளுங்கள்.

கேள்வி: 14 மாதக் குழந்தை. கைப்பேசியில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறக்கிறாள். எண்ணும் எழுத்தும் சொல்லித்தரும் பாட்டுதானே, பரவாயில்லையா? (செங்காங்)

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ஒன்றரை வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சின் வழிகாட்டி, வீடியோ அழைப்புக்கு மட்டும் விலக்கு. அதற்குப் பிறகு ஆறு வயது வரை, பள்ளி நேரம் போக, நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள். சாப்பிடும்போது எந்த வயதிலும் கூடாது. சோறு சூடா, ஆறிவிட்டதா, பருப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பேசிக்கொண்டே ஊட்டுங்கள். சில நாள் அழுவாள், தட்டும் கவிழும். அப்புறம் சரியாகும்.

கேள்வி: திருச்சியில் இருக்கும் தாத்தா பாட்டியுடன் தினமும் வீடியோ அழைப்பு. மகனுக்கு இரண்டு வயது. இதுவும் திரை நேரம்தானா? (உட்லண்ட்ஸ்)

அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இவன் சொல்வதற்கு அந்தப் பக்கம் பதில் வருகிறதே, அதுதான் வித்தியாசம். பாட்டி "காக்கா எங்கே?" என்று கேட்டால் அவனைச் சன்னலுக்குத் தூக்கிப்போய்க் காட்டுங்கள். போனை அவன் கையில் திணித்துவிட்டுச் சமையலறைக்குப் போனால் பாட்டிக்கு உங்கள் வீட்டு மின்விசிறிதான் தெரியும். பக்கத்தில் உட்காருங்கள்.

கேள்வி: பாலர் பள்ளியில் கே1 படிக்கும் மகளுக்குத் தமிழ் கற்றுத்தர நல்ல செயலி ஒன்று சொல்லுங்கள். எங்கள் இருவருக்கும் தமிழ் பேச வரும், ஆனால் வீட்டில் ஆங்கிலம்தான், நேரமும் இல்லை. (பொங்கோல்)

இதே கடிதம், ஊர் மட்டும் மாறி, மாதாமாதம் வருகிறது. தமிழ் பேசத் தெரிந்த இரண்டு பேர் வீட்டில் இருக்கும்போது செயலி எதற்கு? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்குள்ள இந்தியர்களில் ஏறக்குறைய 60 சதவீதத்தினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்று வந்தது. அதை நினைத்துப் பெருமூச்சு விடுகிறோம், பிறகு பிள்ளையிடம் டேப்லெட்டை நீட்டுகிறோம்.

அமெரிக்காவில் பட்ரீசியா கூல் என்ற ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒன்பது மாதக் குழந்தைகளிடம் மாண்டரின் பேசுபவர் நேரில் உட்கார்ந்து ஒரு டஜன் தடவை கதை சொல்லி விளையாடினார், அந்தக் குழந்தைகளுக்கு மாண்டரின் ஒலிகள் பிடிபட்டன. அதே ஆட்களைத் திரையில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. உங்கள் மகள் பெரியவள், திரையிலிருந்தும் கொஞ்சம் பிடித்துக்கொள்வாள், மறுக்கவில்லை. ஆனால் என்ன பிடிக்கிறாள்? என் வகுப்புக்கு ஒரு சிறுமி வந்தாள், அ முதல் ஔ வரை ராகத்தோடு சொன்னாள், அம்மா ஆடு இலை எல்லாம் சரி. "தண்ணீர் வேணுமா?" என்று கேட்டேன், முழித்தாள். நான் பார்த்த செயலிகளில் பல இப்படித்தான், படத்தைத் தட்டினால் நட்சத்திரம் கொட்டும், பிள்ளை 'பழம்' என்றாலும் 'பளம்' என்றாலும் ஒரே கைதட்டல்.

நேரமில்லை என்கிறீர்கள். பத்தாவது மாடிக்கு மின்தூக்கி ஏறும்போது தமிழில் எண்ணுங்கள், அதற்குத் தனியாக நேரம் வேண்டாம். கருவிதான் வேண்டும் என்றால் உங்கள் போனிலேயே கேமராவும் குரல்பதிவும் இருக்கின்றன. தேக்கா சந்தையில் அவளே நாலு படம் எடுக்கட்டும், முருங்கைக்காய், வாழைப்பூ, மீன். இரவில் அந்தப் படங்களைப் பார்த்து அவள் சொல்லும் கதையைப் பதிவு செய்து போட்டுக்காட்டுங்கள், தன் குரலைக் கேட்கப் பிள்ளைகளுக்கு அலுக்கவே அலுக்காது. தேசிய நூலக வாரியத்தில் தமிழ் மின்னூல்கள் இலவசம். ஒன்றை எடுங்கள், தானாக வாசிக்கும் வசதி இருந்தால் அணைத்துவிட்டு நீங்களே வாசியுங்கள். மறுபடியும் சொல்கிறேன், பக்கத்தில் உட்காருங்கள்.

கேள்வி: மகனின் பாலர் பள்ளியில் தேனீ வடிவ ரோபோ இருக்கிறது. ஐந்து வயதுக்கு வீட்டிலும் ஒன்று வாங்க வேண்டுமா? (யீஷூன்)

அதன் பெயர் பீ-பாட். பாலர் பள்ளிகளுக்குத் தொழில்நுட்பப் பொம்மைகள் தந்த அரசின் பிளேமேக்கர் திட்டத்தில் ஏறக்குறைய பத்து வருடத்துக்கு முன் 160 பாலர் நிலையங்களுக்குப் போன பொம்மைகளில் இதுவும் ஒன்று. நல்ல பொருள், திரை கிடையாது, எத்தனை அடி, எந்தப் பக்கம் என்று யோசித்துப் பொத்தானை அழுத்த வேண்டும். ஆனால் வாங்காதீர்கள். தரையில் டேப் ஒட்டிக் கட்டம் போடுங்கள், அப்பா ரோபோ, மகன் கட்டளை: முன்னே இரண்டு, வலப்பக்கம் திரும்பு. அப்பா சுவரில் முட்டினால் தவறு எங்கே என்று அவனே கண்டுபிடிப்பான்.

கேள்வி: நான்கு வயது மகளின் பாலர் பள்ளியில் காணொளி போடுகிறார்கள். புகார் செய்யலாமா? (பிடோக்)

முதலில் எதற்கு என்று கேளுங்கள். பச்சைப்பயறு முளைப்பதை வேகமாக ஓட்டிக் காட்டிவிட்டு, பக்கத்தில் நிஜப் பயறையும் ஈரப் பஞ்சில் வைத்திருந்தால் அது பாடம். பெற்றோர் வரும்வரை பிள்ளைகளை உட்காரவைக்கப் போட்டால் தாராளமாகப் புகார் செய்யுங்கள். பாலர் பள்ளியில் திரை கற்பித்தலுக்கு மட்டும்தான், அதுவும் அளவாக.

கேள்வி: மூன்று வயது மகன் தரையில் விளையாடுகிறான், தொலைக்காட்சி சும்மா ஓடுகிறது, யாரும் பார்ப்பதில்லை. அதுவும் தப்பா? (அங் மோ கியோ)

யாரும் பார்க்காததை ஏன் ஓடவிடுகிறீர்கள்? அணையுங்கள்.