நின்றுபோன கொரோலாவை என்ன செய்வது?

தம்பி, இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி வீட்டு கராஜில் உங்கள் மாமா விட்டுப்போன டொயோட்டா கொரோலா கார் மூன்று வருடமாக நிற்கிறது, அதைச் சரிசெய்து ஓட்டுவதா, விற்றுவிட்டு வேறு வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே பள்ளிக்கூடம், மளிகை என்றும் நாலு கேள்வி. டர்பனில் அரிசி பருப்புக்குப் பஞ்சமே இல்லை. பள்ளிக்கூடத்தை என் வீட்டம்மாவிடம் கேளுங்கள். கார் விஷயத்தை நான் சொல்கிறேன்.

பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் காகிதங்களை எடுங்கள். இங்கே வண்டி ஓடினாலும் நின்றாலும் வருடா வருடம் லைசென்ஸ் டிஸ்க் புதுப்பித்தாக வேண்டும். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்த வட்டத் தாளில் தேதி இருக்கும். அது தாண்டியிருந்தால் பாக்கியும் அபராதமும் ஏறிக்கொண்டே போகும். பதிவுச் சான்றிதழில் டைட்டில் ஹோல்டர், ஓனர் என்று இரண்டு இடம் உண்டு. டைட்டில் ஹோல்டர் வங்கியாக இருந்தால் கடன் தீராமல் ஒன்றும் நடக்காது. மாமாவின் கையெழுத்து கட்டாயம் வேண்டும். பெயர் மாற்ற, வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று சொல்லும் ரோட்வொர்த்தி சான்றிதழும் வேண்டும். உங்கள் பெயருக்கு மாற்றுவதென்றால், இந்த நாட்டு அடையாள எண் இல்லாத நமக்கு முதலில் டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர் எடுக்க வேண்டும். அதற்கே ஒரு அலைச்சல் இருக்கிறது.

விற்றாலும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். விற்றதாகப் படிவம் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வாங்கினவன் கேமராவில் மாட்டும் அபராதமெல்லாம் மாமா பெயருக்குத்தான் வரும்.

அப்புறம் துரு. ஜோகன்னஸ்பர்க்கின் காய்ந்த காற்றில் மூன்று வருடம் நின்ற வண்டியும் டர்பன் உப்புக்காற்றில் நின்ற வண்டியும் ஒன்றல்ல. டிக்கியில் கார்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னி உட்காரும் குழியைக் கையால் தடவிப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் போல்ட் ஓரங்களில் காய்ந்த சேறு ஒட்டியிருந்தால் 2022 ஏப்ரல் வெள்ளம் உள்ளே புகுந்த வண்டியாக இருக்கலாம். அப்படியானால் யோசிக்கவே வேண்டாம், வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள். கதவுக்குக் கீழே விரலால் அழுத்தினால் தகரம் உள்ளே போகிறதா? அதற்கும் அதே பதில்தான்.

பாடி கெட்டியாக இருந்தால் சரிசெய்து ஓட்டுங்கள். கொரோலாவுக்குப் பாகம் கிடைக்காமல் போகாது, டொயோட்டா ஆலையே பக்கத்தில் ப்ராஸ்பெக்டனில்தான் இருக்கிறது. பேட்டரி போயிருக்கும், அது பெரிய விஷயமில்லை. பழைய பெட்ரோலை இறக்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்திருக்கும், மாற்றியே ஆகவேண்டும். டயரில் பட்டன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து ஏமாறாதீர்கள், பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2315 என்றால் 2015இல் 23ஆவது வாரம் செய்தது. அவ்வளவு பழைய ரப்பரை நம்பி நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்ஷூரன்ஸை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஊரில் மாதிரி இங்கே தேர்ட் பார்ட்டி கட்டாயமில்லை. விபத்தில் ஆளுக்குக் காயம் பட்டால் பெட்ரோல் விலையோடு வசூலிக்கும் நிதியிலிருந்து இழப்பீடு உண்டு. ஆனால் நீங்கள் இடித்த வண்டிக்கு நீங்கள்தான் பொறுப்பு.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். புதிதாக வருகிற நம் ஆட்கள் “நம்ம ஊர்க்காரர்” ஒருவரைத் தேடிப்போய், அவர் சொன்ன விலைக்கு ஓட்டை வண்டியை வாங்கிவிடுகிறார்கள். நான் வந்த புதிதில் அப்படி ஒருவர், தமிழில் இனிக்க இனிக்கப் பேசி, கியர்பாக்ஸ் போன வண்டியை என் தலையில் கட்டப் பார்த்தார். புதிதாக வருகிற அதே நம் ஆட்கள் இங்கே பிறந்து வளர்ந்த தமிழர்களைப் பார்த்து “இவங்களுக்குத் தமிழே வராது” என்று ஒதுங்குவார்கள். எனக்கு அது பிடிப்பதே இல்லை.

நான் நைட் ஷிப்ட் முடித்து, போகும் இடத்துக்கு ஏற்ப விரல் சைகை காட்டி நிறுத்தும் இங்கத்து டாக்ஸி வேன்களில் எந்த விரலைக் காட்டினால் எது நிற்கும் என்று தெரியாமல் ரோட்டோரம் நின்ற காலத்தில், பக்கத்து வீட்டு அங்கிள்தான் தன் டொயோட்டா டாஸ் என்ற சின்ன காரில் ஏற்றிக்கொண்டு வருவார். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர்களின் நாலாம் தலைமுறை. தமிழில் நாலு வார்த்தை பேசமாட்டார், தைப்பூசக் காவடியை ஒரு வருடமும் விட்டதில்லை. அந்த காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எனக்கு வண்டியைப் பற்றி எல்லாம் சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கு என் வண்டிக்கு ஆயில் மாற்றுவதிலிருந்து பிரேக் பேட் போடுவது வரை நானேதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரையே அழைத்துக்கொண்டு வருகிறேன், வீட்டில் இருங்கள். அதற்குள் யார் பேச்சையாவது கேட்டு பேட்டரி வாங்கிப் போட்டு சாவியைத் திருகிவிடாதீர்கள்.