17 வயதில் கர்ப்பம்: உண்மையிலேயே ஆபத்தா?

"பாட்டி 16 வயதில் பிள்ளை பெற்று நன்றாகத்தானே இருந்தார், 17-ல் என்ன ஆபத்து?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டி பிழைத்தார், சரி. பிரசவத்திலேயே போய்விட்ட அவர் வயதுப் பெண்களைப் பற்றி எந்த வீட்டிலும் பேசுவதில்லை.

முக்கியமான சிக்கல் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15-19 வயதுப் பெண்களில் சுமார் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தானே வளர்ந்து முடியாத பெண்ணும் வயிற்றுக் குழந்தையும் இருக்கிற கொஞ்சச் சத்தைப் பங்கு போடுகிறார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு 7 கிராமுக்குக் கீழே போய்விட்டால், பிரசவத்தில் வழக்கமாகப் போகும் ரத்தமே உயிருக்கு ஆபத்தாகலாம்.

அப்புறம் ரத்த அழுத்தம். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு முகம் வீங்கி, விடாத தலைவலியோடு கண் மங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விட்டால் வலிப்பு வரலாம். மிகச் சின்ன வயதென்றால் இடுப்பெலும்பு வளராமல் பிரசவம் தடைபடலாம்.

குழந்தை குறைமாதத்திலோ 2.5 கிலோவுக்குக் குறைவாகவோ பிறக்க வாய்ப்பு அதிகம். அப்படிப் பிறந்தால் மூச்சுத் திணறலாம், பால் உறிஞ்ச வலு இல்லாமல் போகலாம், தொற்று சீக்கிரம் பிடிக்கலாம்.

போலீஸ் கேஸுக்குப் பயந்து செக்கப்புக்கே போகாமல் மறைப்பதை நினைத்துத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். 18-க்குக் கீழ் என்றால் மருத்துவமனை போலீஸுக்குத் தகவல் சொல்லத்தான் வேண்டும். அதற்காகச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. தயவுசெய்து அந்தப் பெண்ணைச் செக்கப்புக்குக் கூட்டிப் போங்கள்.